தபாற் பொதிகளில் மறைந்து வரும் பயிர்ப் பீடைகளும் மோப்ப நாய்களும்

முன்னுரை

நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் சேதம் விளைக்கும் பீடைகளை நம் கமக்காரர் நன்கறிவர். எப்பூச்சி எக்காலத்திற் பெருகும், எம்மருந்தை எவ்வளவு நீரிற் கலந்து தெளித்தல் வேண்டும் என்பனவெல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால், இப்பீடைகளுட் பல நம் நாட்டில் ஆதியிலிருந்தே இருந்தவையல்ல என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாரிகாலத்தில் மரக்கறி நாற்றுக்களைத் தின்றழிக்கும் பெரிய ஆபிரிக்க நத்தை 1900-ம் ஆண்டளவில் இத்தீவிற்குக் கொண்டுவரப்பட்டது. பப்பாசி மரத்தின் இலையிலும் காயிலும் வெண்மாப் படிந்தாற்போல ஒட்டிக்கொள்ளும் வெண்மூட்டுப் பூச்சி 2008-ம் ஆண்டிலேயே இங்கு முதன்முதலாகக் காணப்பட்டது. கடலாற் சூழப்பட்ட ஒரு தீவுக்குச் சிறகில்லாத நத்தை நீந்தி வரமாட்டாது. இத்தகைய பீடைகள் கடல் கடந்து வருவது பெரும்பாலும் மனிதரின் கைகளினாலேயே ஆகும்.

முற்காலத்தில் இவை கப்பற் சரக்கோடு வந்தன. பின்னர் விமானப் பிரயாணிகளின் பெட்டிகளோடு வந்தன. இக்காலத்தில் இவற்றோடு மூன்றாவது வழியொன்றும் பெருவழியாகிவிட்டது. அது தபாற் பொதி. பணம் செலுத்திய சில நாட்களுள் உலகின் எம்மூலையிலிருந்தும் ஒரு பொதி வீட்டு வாசலுக்கு வந்து சேருகின்றது. அப்பொதிக்குள் ஒரு பழமோ, ஒரு கட்டு இலையோ, ஒட்டுதற்குரிய ஒரு தடியோ இருக்குமாயின், அதனோடு ஒரு பீடையும் வந்து சேரலாம். இதனைத் தடுப்பதற்குச் சில நாடுகள் மோப்ப நாய்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. அந்நாய்கள் வேலை செய்யும் முறையையும், அதிலிருந்து நம் கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஒரு கட்டுக் கறிவேப்பிலை

பொதியொன்றினால் விளையக்கூடிய கேட்டினை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். நம் வளவுகளிலெல்லாம் வளரும் கறிவேப்பிலை மரமும், தோடை, தேசி முதலிய மரங்களும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால், தோடை மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையின் இளந்தளிரிலும் விருப்பத்தோடு வாழும். விஞ்ஞானிகள் ‘சிலிட்’ எனக் கூறும் இப்பூச்சி மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர் நீளமுடையது. ஓர் அரிசி மணியிலும் சிறியது. தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்திச் சாய்வாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது இதன் இயல்பு. விரியாத இளந்தளிரின் மடிப்புக்களிலே இது மஞ்சள் நிறமான முட்டைகளை இடும். ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடவல்லது. தளிரினுள் மறைந்திருக்கும் அம்முட்டைகள் வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

சாற்றை உறிஞ்சுவதால் இப்பூச்சி விளைக்கும் சேதம் பெரிதன்று. அது காவிச்செல்லும் நோயே பெரிது. தோடை மரத்தின் உணவு செல்லும் குழாய்களில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவை இது மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். அப்பற்றீரியா புகுந்த மரத்தில் இலைகள் ஒழுங்கற்ற மஞ்சட் படைகளைப் பெறும், காய்கள் சிறுத்துக் கோணிப் பழுக்கும் காலத்திலும் அடிப்புறம் பச்சையாகவே நிற்கும், சாறு கசக்கும், சில ஆண்டுகளில் மரம் பயனற்றுப் பட்டுப்போகும். காய் பச்சையாக நிற்பதால் இதனைப் பசுங்காய் நோய் என இங்கு குறிப்பிடுவோம். நோயுற்ற மரத்தை மீண்டும் சுகப்படுத்தக்கூடிய மருந்து இல்லை. மரத்தை வெட்டி அகற்றுவதும், பூச்சியைக் கட்டுப்படுத்துவதும், நோயற்ற நாற்றை நடுவதுமே செய்யத்தக்கன.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்நோய் 2005-ம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், 2003-2004-ம் ஆண்டுப் போகத்தில், அம்மாநிலம் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேற்பட்ட தோடம்பழத்தை விளைவித்தது. 2022-2023-ம் ஆண்டுப் போகத்தில் விளைந்தவை 1 கோடியே 60 இலட்சம் பெட்டிகளுக்கும் குறைவு. அவ்வாண்டில் வீசிய சூறாவளியும் விளைச்சலைக் குறைத்ததாயினும், முன்னரே மரங்களை நலியச் செய்தது இந்நோயே. தலைமுறை தலைமுறையாகத் தோடை பயிரிட்ட குடும்பங்கள் பல தம் நிலத்தை விற்று அத்தொழிலை விட்டகன்றன.

அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலமும் தோடைக்குப் பேர்பெற்றது. அங்கு 2008-ம் ஆண்டில் சிலிட் பூச்சி காணப்பட்டது. ஆயின் நோய் காணப்படவில்லை. அடுத்த ஆண்டாகிய 2009-ல், பிரெஸ்னோ என்னும் நகரிலுள்ள ஒரு பொதி நிலையத்தில், இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பயணப் பையின் அருகே மோப்ப நாயொன்று நின்று அடையாளங் காட்டிற்று. பரிசோதகர் பையைத் திறந்தபோது அதனுள்ளே கறிவேப்பிலை இருந்தது. இலைகளில் உயிருள்ள சிலிட் பூச்சிகளும் இருந்தன. அப்பூச்சிகளை ஆய்வுகூடத்திற் சோதித்தபோது அவை பசுங்காய் நோயின் பற்றீரியாவைத் தம்முடலிற் கொண்டிருந்தமை தெரியவந்தது.

அப்பொதியைக் கட்டியவர் கெட்ட எண்ணம் உடையவரல்லர். தூரதேசத்தில் வாழும் தம்மவர் ஊர்க் கறியின் மணத்தை நுகரட்டும் என்றே அனுப்பியிருப்பார். கறிவேப்பிலை மரம் அந்நோயால் வாடுவதில்லை. ஆகையால் அம்மரத்திலிருந்து பறித்த இலை நோயை உணர்த்தும் ஒரு குறியையும் காட்டியிராது. பிரெஸ்னோ நகரைச் சூழ்ந்துள்ள பள்ளத்தாக்கோ பெருந்தோடைத் தோட்டங்களைக் கொண்டது. அப்பை திறக்கப்படாமற் சென்றிருக்குமாயின், பூச்சி ஒரு சமையலறை யன்னலிலிருந்து தோடைத் தோப்பிற்குச் செல்வதற்கு அதிக தூரம் இருந்திராது. மூன்று ஆண்டுகளின் பின், 2012-ல், அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில், லொஸ் ஏஞ்சலிஸ் அருகே, நோயுற்ற முதலாவது மரம் காணப்பட்டது. அது பெருந்தோட்டத்தில் நின்ற மரமன்று. ஒரு வீட்டு வளவில் நின்ற மரமே.

நெல் விளைவிப்போர்க்கும் இத்தகைய உதாரணம் உண்டு. கப்ரா வண்டு என்பது களஞ்சியத்திலுள்ள தானியத்தை அரித்துத் தூளாக்கும் சிறிய வண்டு. இதன் உரோமம் நிறைந்த புழு, சாக்கின் தையலிலும் சுவரின் வெடிப்பிலும் ஒடுங்கி, உணவின்றியே ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கவல்லது. 1953-ம் ஆண்டில் இது கலிபோர்னியாவின் தானியக் களஞ்சியங்களிற் காணப்பட்டது. முழுக் களஞ்சியத்தையும் பெருஞ்சீலையால் மூடி நச்சுப்புகை ஊட்டியே இதனை ஒழிக்க நேர்ந்தது. அவ்வேலை முடிவதற்கு 1966-ம் ஆண்டு ஆயிற்று. இக்காரணத்தினாலேயே, இவ்வண்டுள்ள நாடுகளிலிருந்து பிரயாணிகளின் பெட்டியிலோ தபாற் பொதியிலோ வீட்டுத் தேவைக்கான அரிசி கொண்டுவரப்படுவதை ஐக்கிய அமெரிக்கா 2011-ம் ஆண்டில் தடைசெய்தது.

நாயின் மூக்கு

பொதிகளைச் சோதிப்பதற்கு யந்திரங்கள் இல்லையா எனக் கேட்கலாம். ஊடுகதிர்ப் படம் எடுக்கும் யந்திரம் உண்டு. அது இரும்பையும் கண்ணாடியையும் தெளிவாகக் காட்டும்; பழத்தின் உருண்டை வடிவையும் காட்டும். ஆனால், துணிகளின் நடுவே பரப்பி வைத்த மெல்லிய இலைகளை அதிற் பிரித்தறிதல் கடினம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பொதிகள் வருமிடத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தலும் இயலாத காரியம். இவ்விரு குறைகளையும் நாயின் மூக்கு நிறைவு செய்கின்றது.

மனிதனுடைய மூக்கில் மணத்தை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 அல்லது 60 இலட்சம் உள்ளன. வேட்டை நாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கும் மேற்பட்டவை. மேலும், நாய் மோப்பம் பிடிக்கும்பொழுது மூச்சைச் சிறு சிறு இழுப்புக்களாக, ஒரு செக்கனுக்கு ஐந்து தடவை வரையில் இழுக்கும். வெளிவிடும் காற்று மூக்கின் பக்கத்திலுள்ள பிளவுகளால் ஒதுங்கிச் செல்லுமாதலால், முன்னே உள்ள மணம் கலைந்து போவதில்லை. அன்றியும், நாம் சாம்பாரை முகர்ந்தால் அதனைச் சாம்பார் என்று மாத்திரம் அறிவோம்; நாயோ அதிலுள்ள பருப்பு, புளி, காயம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தறியும். சவர்க்காரம், துணி, கோப்பித் தூள் ஆகியவற்றின் நடுவே வைத்த மாம்பழத்தை அது கண்டுபிடிப்பது இவ்வாற்றலினாலேயே ஆகும்.

கடதாசிப் பெட்டி காற்றை முற்றாக அடைப்பதில்லை. மூலைகளிலும் ஒட்டிய விளிம்புகளிலும் உள்ளிருக்கும் மணம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டேயிருக்கும். பொலித்தீன் உறையிட்டாலும் அக்கசிவு தாமதமாகுமேயன்றி முற்றாக நிற்பதில்லை. பொதி பல நாட்கள் வழியிற் கிடந்து வருவதும் நாய்க்கு வாய்ப்பாகின்றது.

நாய்களைத் தெரிதலும் பழக்குதலும்

ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் 1984-ம் ஆண்டில், லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில், பீகிள் என்னும் இனத்து நாய்களைக் கொண்டு இவ்வேலையைத் தொடங்கிற்று. பீகிள் முயல் வேட்டைக்குரிய சிறிய நாய், தொங்கும் காதுகளையுடையது. கூரிய மோப்பசக்தி, மனிதரைக் கண்டு சீறாத சாந்த குணம், உணவிற் பெருவிருப்பு ஆகிய மூன்றும் இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்களாம். மூன்றாவது குணமே பழக்குவோர்க்கு மிக உதவுவது. ஏனெனில், சிறு தின்பண்டம் ஒன்றினைப் பெறுவதற்காக அது நாள் முழுவதும் உற்சாகத்தோடு தேடும். பொதிகள் குவிந்து கிடக்கும் நிலையங்களில், அவற்றின்மேல் ஏறி இறங்கித் தேடவேண்டியிருப்பதால், லப்ரடோர் போன்ற பெரிய நாய்களும் பயன்படுத்தப்படுகின்றன. இந்நாய்களுட் பல உயர்விலை கொடுத்து வாங்கப்பட்டவையல்ல; உரிமையாளரால் கைவிடப்பட்டு நாய்க் காப்பகங்களில் வளர்ந்தவையும், பொதுமக்கள் நன்கொடையாகக் கொடுத்தவையுமாகும்.

பழக்கும் இடம் ஜோர்ஜியா மாநிலத்தில் நியூனன் என்னும் ஊரிலுள்ளது. அங்கு நாயும் அதனை நடத்துவோரும் ஒருங்கே பத்து முதல் பதின்மூன்று வாரங்கள் வரை பயிற்சி பெறுவர். முதலில் ஐந்து மணங்களே கற்பிக்கப்படும். அவை தோடை இனம், மாம்பழம், அப்பிள், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி என்பன. இறைச்சியைச் சேர்த்தமைக்குக் காரணம், கால்நடை நோய்களும் பொதிகளோடு வரக்கூடும் என்பதே.

பயிற்சி முறை எளியது. ஒரே மாதிரியான பெட்டிகள் சிலவற்றை வரிசையாக வைத்து, ஒன்றினுள் மாத்திரம் தோடம்பழத்தை இடுவர். நாய் அப்பெட்டியை முகர்ந்து நிற்கும்பொழுது அதனைப் பாராட்டித் தின்பண்டம் கொடுப்பர். நாளடைவில் அம்மணத்தைக் கண்டதும் அது பெட்டியருகே அமர்ந்துகொள்ளப் பழகும். பொதி நிலையத்தில் வேலை செய்யும் நாய்களுட் சில, முன்காலால் பெட்டியைச் சுரண்டிக் காட்டவும் பழக்கப்படும். பின்னர் மணம் வீசும் வேறு பொருள்களையும் பெட்டிகளில் இடுவர். தோடம்பழ மணமூட்டிய இனிப்புக்கும் உண்மையான தோடம்பழத்துக்குமுள்ள வேறுபாட்டை நாய் கற்றல் வேண்டும். தவறான பெட்டியைக் காட்டினால் அடியோ அதட்டலோ இல்லை. தின்பண்டம் கிடையாது, அவ்வளவே.

ஐந்து மணங்களைக் கற்ற நாய் வேலையிற் பழகப் பழகப் புதிய மணங்களையும் கற்றுக்கொள்ளும். ஏறக்குறைய 50 மணங்கள் வரை அறிந்த நாய்களும் உண்டு. ஈராண்டு வேலை பழகிய நாய் பத்துத் தடவைகளில் ஒன்பது தடவை சரியாகக் காட்டும் என அந்நாட்டு விவசாயத் திணைக்களம் கூறியுள்ளது. ஒன்பது வயதளவில் நாய் வேலையினின்றும் ஓய்வு பெறும். பெரும்பாலும் அதனை நடத்தியவரே தம் வீட்டில் வைத்து வளர்ப்பர்.

அவுஸ்திரேலியாவும் 1992-ம் ஆண்டு முதல் இத்தகைய நாய்களை விமான நிலையங்களிலும் வெளிநாட்டுத் தபால் நிலையங்களிலும் பயன்படுத்தி வந்துள்ளது. அங்கும் முதலிற் பீகிள் நாய்களும் பின்னர் லப்ரடோர் நாய்களும் வேலைக்கு வைக்கப்பட்டன.

நாய் தேடுவது எதனை?

இவ்விடத்தில் ஓர் உண்மையை நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். பொதி நிலையத்து நாய் பெரும்பாலும் பூச்சியைத் தேடுவதில்லை. பூச்சி தங்கக்கூடிய பழத்தையும் இலையையுமே தேடுகின்றது. பிரெஸ்னோ நகரில் நாயின் மூக்கை ஈர்த்தது சிலிட் பூச்சியன்று. அது தங்கியிருந்த தாவரமே. பழத்துள் இருக்கும் ஈயின் புழுவையும், தளிரினுள் இருக்கும் முட்டையையும் பரிசோதகரே கைக்கண்ணாடியின் துணையாற் காண்பார். ஆகவே நாய் காட்டிய பொதிகளெல்லாம் பீடையுள்ளவை என்று கொள்ளலாகாது. பீடை இருக்கக்கூடியவை என்றே கொள்ளல் வேண்டும்.

நேரே பீடையையே தேடும்படி பழக்கப்பட்ட நாய்களும் உண்டு. புளோரிடாவில் 2011-ம் ஆண்டில் பெரிய ஆபிரிக்க நத்தை பரவியபோது, அதன் மணத்தைக் கற்ற லப்ரடோர் நாய்கள் வளவு வளவாகச் சென்று தேடின. பத்து ஆண்டுகள் வேலை செய்து, 2021-ம் ஆண்டில் அந்நத்தை அங்கு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பசுங்காய் நோயுற்ற தோடை மரத்தை, குறிகள் வெளித்தோன்றுவதற்கு முன்னரே, நாய்கள் மணத்தால் அறியுமென 2020-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. ஆயினும் பொதிகளின் நடுவே ஆயிரம் வகைப் பூச்சிகளையும் ஒவ்வொன்றாகக் கற்பித்தல் இயலாது. அவை அனைத்துக்கும் வீடாகிய பழத்தையும் இலையையும் கற்பித்தல் எளிது.

பொதி நிலையத்திற் சோதனை நடைபெறும் முறை

அதிகாலையில் வண்டிகள் பொதிகளை இறக்கியதும், அவற்றை விநியோகிப்பதற்கு முன்னுள்ள சிறு நேரத்தில் வேலையை முடித்தல் வேண்டும். பொதிகளைத் தரையில் இடைவெளி விட்டு வரிசையாக வைப்பர். ஒன்றன்மேலொன்று நெருக்கிக் குவித்தால், எப்பொதியின் மணம் எதுவென்று நாய் தெளிதல் கடினமாகும். மின்விசிறி சுழலுமிடத்தில் மணம் வேறு திசைக்குச் செல்லுமாதலால், காற்றின் போக்கையும் நாயை நடத்துவோர் கவனிப்பர். நாய் வாலை விரைவாக ஆட்டுதல், திரும்பி வந்து முகர்தல், மூச்சின் ஓசை மாறுதல் ஆகிய சிறு குறிகளையும் அவர் உற்றுநோக்குவர். நெடுநேரம் முகர்ந்தால் மூக்குச் சோருமாதலால், இடையிடையே நாய்க்கு ஓய்வும் நீரும் கொடுப்பர்.

நாய் காட்டிய பொதியைப் பரிசோதகர் ஒதுக்கி வைப்பர். அந்நாட்டின் சட்டப்படி, உள்நாட்டில் அனுப்பப்படும் முத்திரையிட்ட முதல்தரத் தபாலை நீதிமன்றத்தின் ஆணையின்றித் திறக்கலாகாது. நாயோ வெளியே நின்று முகர்வதன்றிப் பொதியைத் திறப்பதில்லை. அதன் அடையாளம் ஆணை கேட்பதற்குத் தக்க ஆதாரமாகின்றது. இதனால் எல்லோருடைய கடிதங்களையும் பிரித்துப் பாராமலே, ஐயத்துக்குரிய பொதியை மாத்திரம் பிரிக்க முடிகின்றது. திறந்த பின், தடைசெய்யப்பட்ட பொருள்கள் இருப்பின் அவை கைப்பற்றப்படும். காணப்பட்ட பூச்சி குப்பியிலிடப்பட்டு ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்படும். பழமும் இலையும் எரித்தோ வேறு வகையாலோ அழிக்கப்படும். பொதிக்குரியவருக்கும் அறிவித்தல் கொடுக்கப்படும்.

நாயால் இயலாதவை

நாய் கற்றதையே காட்டும். கல்லாத மணத்தைக் காட்டாது. முன்பு அப்பிள் பழம் வைத்த வெறும் பெட்டியில் துணியை இட்டு அனுப்பினால், பெட்டியிற் படிந்த மணத்தைக் கண்டு பழம் இருப்பதாக எண்ணலும் கூடும். எல்லா நிலையங்களுக்கும் போதிய நாய்கள் இல்லை. எல்லா நேரமும் அவை வேலை செய்தலும் இயலாது.

உலர்ந்த விதையின் மணம் மிக மெல்லியது. 2020-ம் ஆண்டு யூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த பலருக்கு, தாம் கேட்டு அனுப்பியதாக நினைவில்லாத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சீனாவிலிருந்து அனுப்பப்பட்டவையாகக் காணப்பட்டன. உறையின்மேல் ஆபரணம் முதலிய வேறு பொருள்களின் பெயர் எழுதப்பட்டிருந்தது. சோதித்தபோது கடுகு, கோவா, புதினா, செவ்வரத்தை, ரோசா ஆகியன அவற்றுள் அறியப்பட்டன. அவ்விதைகளை நடாமலும் குப்பையில் எறியாமலும், வந்த உறையோடு ஒப்படைக்குமாறு அந்நாட்டு விவசாயத் திணைக்களம் மக்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டு வாசல் வரை வந்துவிட்ட பொட்டலத்தைத் தடுக்கக்கூடியவர் அதனைக் கையிற் பெற்றவரே அன்றி நாயன்று.

நம் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

நம் கிராமங்களிற் பல குடும்பங்களின் பிள்ளைகள் கனடா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்குப் பொதி அனுப்புவதும், அங்கிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் பொதி பெறுவதும் வழக்கமாயிற்று. ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று.

(1) பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை, வெற்றிலை, பழங்கள், கிழங்குகள், வேரோடு கூடிய கன்றுகள், மண் ஆகியவற்றைத் தபாற் பொதியில் இட்டு அனுப்புதலைத் தவிர்த்துக்கொள்க. இலையை நீரில் அலசினாலும் தளிரினுள் ஒட்டியிருக்கும் முட்டை நீங்குவதில்லை.

(2) வறுத்து அரைத்த மிளகாய்த் தூள் முதலியவற்றிற் பூச்சி உயிரோடிருப்பது அரிது. ஆயினும் ஒவ்வொரு நாட்டிற்கும் வெவ்வேறு விதிகள் உள. பெறுபவர் அங்குள்ள விதியை முன்னரே விசாரித்து அறிவித்தல் வேண்டும். பொதியின்மேல் உள்ளிருக்கும் பொருளின் உண்மையான பெயரை எழுதுக. உணவுப்பொருளைத் துணியென எழுதினால் அபராதத்துக்கு உள்ளாகுபவர் பெரும்பாலும் பொதியைப் பெறும் பிள்ளையே.

(3) நெல், அரிசி, பயறு ஆகியவற்றைச் சோதியாது அனுப்பற்க. சாக்கின் தையலிலும் மடிப்பிலும் புழுவின் தோலும் மாத்தூளும் காணப்படின் அது பழுதுற்ற தானியமாகும். அத்தகைய சாக்கினைப் புதிய விளைவை இடுதற்கும் பயன்படுத்தலாகாது.

(4) வெளிநாட்டிலிருந்து விதை, ஒட்டுத்தடி, கிழங்கு, கன்று ஆகியவற்றைத் தபாலில் வரவழைத்தல் தன்னிச்சையாகச் செய்யத்தக்கதன்று. 1999-ம் ஆண்டின் 35-ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகின்றது. முன்கூட்டியே இறக்குமதி அனுமதிப்பத்திரமும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் பெறுதல் வேண்டும். கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை இவ்விடயத்தைக் கவனிக்கின்றது.

(5) கேளாத விதைப் பொட்டலம் வந்தால் அதனைத் திறக்கவும், நடவும், எருக்குழியில் எறியவும் வேண்டாம். வந்த உறையோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

(6) உங்கள் வயலிலோ தோட்டத்திலோ இதற்குமுன் காணாத பூச்சியோ நோய்க்குறியோ தோன்றினால், உடனே அறிவியுங்கள். ஒரு மரத்தில் அல்லது ஒரு பாத்தியில் இருக்கும்பொழுது ஒழிக்கக்கூடிய பீடை, ஓர் ஊருக்குப் பரவிய பின் ஒழிக்கக்கூடியதன்று. பூச்சியைக் கொண்டு பிறவூர் செல்லாது, அதனை மூடிய போத்தலில் இட்டு வைத்திருத்தல் நன்று.

முடிவுரை

1869-ம் ஆண்டில் இத்தீவின் மதுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான ஒரு தூள் காணப்பட்டது. அதுவே கோப்பித் துரு நோய். அக்காலத்தில் அதனைச் சிறு காரியமென்று பலர் எண்ணினர். இருபது ஆண்டுகளுட் கோப்பிப் பயிர்ச்செய்கை பெரும்பாலும் அழிந்துபோயிற்று. பயிரை இழந்த துரைமாரும், வேலையிழந்து பட்டினியுற்ற தொழிலாளரும் அடைந்த துன்பம் இந்நாட்டுச் சரித்திரத்தில் இடம்பெற்றுள்ளது. புதிய நோயொன்று ஒரு நாட்டிற் காலூன்றிய பின் செய்யக்கூடியது எவ்வளவு சிறிது என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

மோப்ப நாய் நல்ல காவலாளி. ஆயினும் அது நிற்பது வழியின் கடைசியிலாகும். ஒரு பொதிக்குள் எதனை இடலாம், எதனை இடலாகாது என்று வீட்டிலிருந்து பொதியைக் கட்டுபவரே முதலில் முடிவு செய்கின்றார். அவர் அறிந்து கட்டினால் நாய்க்கு வேலை குறையும். தூரதேசத்துக் கமக்காரனின் தோப்பும், நம் வயலும் தோட்டமும் ஒருங்கே காக்கப்படும். மேலதிக விபரம் வேண்டுவோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து அறிந்துகொள்வாராக.